மெழுகு இறங்காத போல்ட்

நேற்று ஊதி அணைத்த மெழுகுவத்தியின் புகையில், குருபரப்பள்ளி ரோட்டோரம் அப்பா போட்டிருந்த தகர மெக்கானிக் கொட்டகையின் வாசனை அப்படியே இருந்தது. கார் சைலன்சரில் துருப்பிடித்து இறுகிப்போன போல்ட்டை கேஸ் தீயில் சிவக்கக் காய்ச்சி, மெழுகைத் தேய்த்து, அது உருகித் திருகுமரைக்குள் இறங்கிப் பிடி தளரும்வரை பேசாமல் உட்கார்ந்திருப்பார். டயர்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் நானும் வாய் திறக்கக்கூடாது. கடைசியாக வந்த காரில் எத்தனை நாள் காய்ச்சியும் அந்தப் பாழாய்ப்போன போல்ட் அசையவில்லை. ரோட்டை அகலப்படுத்தக் கொட்டகையை இடிக்க வந்த அன்றும் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"எந்திரிங்க, பொக்லைன் வந்துடுச்சு" என்றாள் அம்மா.

"மெழுகு இறங்கட்டும், இரு."

பொக்லைன்காரர் இஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு பீடி முடியும்வரை காத்திருந்தார். போல்ட் திரும்பவில்லை. பீடியைக் காலால் நசுக்கிவிட்டு அவர் வண்டியில் ஏறினார்.