ஒன்பது வீடும் ஒரு பஸ்ஸும்

முனவ்வரா தாத்தாவைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாகப் பேச வைத்தவள் நான்தான். அதனால் உண்மையைச் சொல்ல வேண்டியவளும் நானே. எங்கள் முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்போம், அண்ணனை நானா என்போம். அவர் என் சொந்தமில்லை, பக்கத்து வீடு.

உக்குவளையில் எங்கள் ஒழுங்கையிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு ஒன்பது வீடு கடக்க வேண்டும். போன வருடம் ஒரு காலை அவரும் கணவர் பலீல் நானாவும் அந்த ஒன்பதையும் கடந்து மாத்தளை பஸ்ஸில் ஏறினார்கள். வழியில் நானா அவர் தோளில் சாய்ந்தார். களைப்பில் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்று தாத்தா அசையாமல் உட்கார்ந்திருந்தார். மாத்தளையில் எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டர் வந்து தொட்டுப் பார்த்தபோதுதான் உயிர் போயிருந்தது தெரிந்தது.

கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பதை இத்தா என்போம். அதைக் குறையில்லாமல் இருந்து முடித்தார். முடிந்த அன்று, "வாங்க தாத்தா, கடைக்குப் போய் வருவோம்" என்று கூப்பிட்டேன்.

"நாள் எண்ணினதுல பிசகிட்டேன் போல, ஜஸ்லா. இன்னும் பத்து நாள் இருக்கிறேன்" என்றார்.

பத்து நாள் கழித்துக் கேட்டால், இன்னும் கொஞ்ச நாள் குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கப் போகிறேன் என்றார். நான் உருகிப்போனேன். என் வாய் சும்மா இருக்குமா? பெண்களுக்கு நடக்கும் மார்க்கப் பயானில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டுமளவுக்குக் கொண்டுபோய் விட்டேன். இனி அவர் வெளியே வர நினைத்தாலும் வர முடியாதபடி பூட்டியது நான்தான் என்று அப்போது புரியவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தவள் டிலுக்ஷி. பதினொரு வயது, மேல் தோட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பம். அப்பா லோரன்ஸ் கராம்பு பறிக்கும்போது மரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். மாட்டுக்குக் கழனித்தண்ணி வாங்க வாளியோடு எங்கள் வீடுகளுக்கு வருவாள். எப்போதும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பாள். எனக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

ஒரு மாலை தாத்தா கேட்டில் கை வைத்து, வியர்த்துக் கொட்டி, திரும்பி உள்ளே போனதை அவள் பார்த்துவிட்டாள்.

"ஆன்ட்டி, வயிறு பெரட்டுதா? கை ஜில்லுன்னு ஆயிருச்சா?"

"ஒனக்கு யார் சொன்னது?"

"எனக்கும் ஸ்கூல் கேட்டுகிட்ட அப்படித்தான் வரும். நான் அங்க இருக்கிறப்ப அம்மாவுக்கும் ஏதாச்சும் ஆயிருமோன்னு. மொதல் பாடத்துலயே வாந்தி எடுத்துட்டு வீட்டுக்கு வந்துருவேன். எல்லாரும் வேஷம்னு சொல்றாங்க."

"என்னைய பக்தின்னு சொல்றாங்க, மகள்" என்றார் தாத்தா. இரண்டு பேரும் சிரித்துவிட்டார்களாம்.

அந்த வாரம் நாவுலயிலிருந்து றம்லா போன் எடுத்தாள். தாத்தாவின் ஒரே மகள். முதல் பிரசவம். பிரஷர் கூடியிருப்பதால் மாத்தளை ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவளுக்கு மாமியாரும் இல்லை. "வாப்பாவும் இல்ல. நீங்களும் வராட்டி நான் யாரோட போறது உம்மா?" என்று அழுதாள். வருகிறேன் என்று தாத்தாவின் வாய் சொன்னது, கால் சொல்லவில்லை. பிரசவத்துக்கு மூன்று வாரம் இருந்தது.

வழி சொன்னவள் டிலுக்ஷி. "நீங்க தெனம் ஒரு வீடு கூடுதலாத் தாண்டுங்க. நான் ஸ்கூல்ல ஒரு பாடம் கூடுதலா இருக்கிறேன்."

"தாண்டாட்டி?"

"நானும் பாதியிலயே வீட்டுக்கு வந்துருவேன். ஒங்களாலதான்னு அம்மாகிட்ட சொல்லுவேன்."

பிள்ளையா அது, பொலிஸ்! ஒரு காலை நாலாவது வீட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு தாத்தா நிற்பதையும், வெள்ளை யூனிபோர்முடன் அவள் பக்கத்தில் நிற்பதையும் கண்டு நான் பதறி ஓடினேன். பக்தியில்லை, பயம் என்று அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆறாவது வீட்டில் அவர் பின்வாங்கினார், அன்று அவளும் ஆறாவது பாடத்தில் திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் இருவரும் மறுபடி ஆறுக்கே போனார்கள்.

ஏழாவது வீட்டுக்குரிய காலையில், சொன்ன நாளுக்கு முன்பே, மருமகன் அஸ்ஹர் போன் எடுத்தார். "வலி தொடங்கிட்டு மாமி. ஒங்களத்தான் கேக்குறா."

"த்ரீவீல் பிடிக்கிறேன், நானும் வாறேன்" என்றேன்.

"இன்னைக்கு த்ரீவீல்ல போனா நாளைக்கும் அந்த பஸ்ஸுக்குப் பயந்துதான் கெடக்கணும். என்ட மகளுக்கு நாளைக்கும் நான் வேணும்" என்று செருப்பை மாட்டினார்.

டிலுக்ஷி புத்தகப் பையை இறுக்கிக்கொண்டாள். "நான் ஒங்ககூட வரமாட்டேன் ஆன்ட்டி. எனக்கு எட்டுப் பாடமும் இருக்கு."

தாத்தா தனியாகவே ஒன்பது வீட்டையும் ஒரே மூச்சில் கடந்து பஸ்ஸில் ஏறினார். மீதியெல்லாம் அவர் பிறகு சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்த சிங்களப் பெண்மணி கொஞ்ச தூரத்திலேயே கண்ணயர்ந்து இவர் தோளில் சாய்ந்துவிட்டாள். தாத்தா அவளைப் பிடித்து உலுக்கி எழுப்பினார். அவள் திடுக்கிட்டு விழிக்க, சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளை, மரக்கறி என்ன விலை என்று மாத்தளை வரைக்கும் அவளைத் தூங்கவிடாமல் பேசிக்கொண்டே போனார். அந்தப் பெண்மணி என்ன நினைத்தாளோ தெரியாது.

டிலுக்ஷி அன்று ஐந்தாவது பாடத்தில் வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். எட்டும் முடிந்துதான் வீட்டுக்கு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் றம்லா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உம்மாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். "ஓதுறத விட்டுட்டு வந்தீங்களா?"

"நான் ஓதிக்கிட்டு இருக்கல, மகள். வாப்பாவ எழுப்பாம விட்டேனே, அந்த பஸ்ஸுக்குப் பயந்து வீட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தேன்."

வலி வந்தது. அது அடங்கும் வரைக்கும் றம்லா உம்மாவின் கையை நெரித்தாள். பிறகு சொன்னாள்: "அத மொதல்லயே சொல்லியிருக்கலாமே. நீங்க அவ்வளவு தைரியமா இருக்கிறீங்கன்னு நெனச்சு, என்ட பயத்த நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருந்தேன் உம்மா."

தாத்தா கட்டிலோரம் உட்கார்ந்து, அவளையும் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"இப்ப சொல்லு" என்றார்.