சொல்லாததைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்ட மொழி

1. போன்

மறைமலை நகர் வீட்டில் காலை தோசையைத் திருப்பும்போது போன் வந்தது. ஒரகடம் தொழிற்சாலையின் புரொடக்‌ஷன் மேனேஜர்.

"மேடம், ரெண்டாவது லைன்ல ஒரு ஆபரேட்டருக்கு விரல்ல அடி. உங்க லாங்குவேஜ்ல ஓடுற பிரஸ்தான். ஒரு நடை வந்துட்டுப் போனீங்கன்னா ரிப்போர்ட்டை முடிச்சிடலாம்."

நான் கணினி மொழிகளை ஆராய்ச்சி செய்தவள். துளையிட்ட அட்டைகளைக் கட்டுக் கட்டாகச் சுமந்துகொண்டு கணினி அறை வாசலில் காத்திருந்த காலத்தில் ஆரம்பித்தேன். என் கட்டுரைகளை முழுதாகப் படித்தவர்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். ஓய்வு பெற்ற பிறகு, மெஷின்களுக்கு உத்தரவு எழுத நான் உருவாக்கிய சின்ன மொழியை இந்தத் தொழிற்சாலை எடுத்துக்கொண்டது. என் மொழி நிஜமாகவே ஒரு பிரஸ்ஸை ஓட்டுகிறது என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடிபட்டவள் ஜெசிந்தா என்று கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

2. கையைக் கட்டிக்கொண்டு நின்றவள்

ஜெசிந்தா சேரப்பணஞ்சேரிக்காரி, கான்ட்ராக்ட் ஊழியை. மொழியைப் பொருத்திய மாதம் முழுக்க, ரப்பர் துண்டுகளை அழுத்தி வார்க்கும் அவள் பிரஸ் பக்கத்தில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். "இன்னா மேடம், பிஸ்கட்ட வெச்சிகினே பொழுத ஓட்றீங்க" என்று டிபன் பாக்ஸ் மூடியில் எலுமிச்சை சாதம் வைத்து நீட்டுவாள். வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அந்த லைனில் ஒரு வழக்கம் உண்டு. ஷிப்ட் முடிந்து போகிறவர் வருகிறவரிடம் மெஷின் நிலவரத்தைச் சொல்லிவிட்டுத்தான் போவார். ஒருநாள் முந்தைய ஷிப்ட்காரி கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் சொல்லாமல் ஓடிவிட்டாள். ஜெசிந்தா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். லைன் நிற்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார்.

"அந்தக்கா ஒண்ணும் சொல்லாம பூட்ச்சி சார். சொல்லாதத நானா ஒண்ணு நெனச்சிகினு பட்டன அமுக்க மாட்டேன்."

போன் போட்டுக் கேட்ட பிறகுதான் ஸ்டார்ட் செய்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. நோட்டில்கூட எழுதி வைத்தேன். எழுதி வைத்தேனே தவிர, உறைக்கவில்லை.

3. ரிப்போர்ட்

முதலுதவி அறையில் ஆள்காட்டி விரலில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நகம் பெயர்ந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு கவனமில்லாம கைய வெச்சிடுச்சு மேடம். ஆபரேட்டர் எரர்னு போட்டுடலாம்" என்றார் மேனேஜர். அப்படிப் போட்டால் மறுநாளே அவளுடைய கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள்.

ஜெசிந்தா என்னைத்தான் பார்த்தாள். "பட்டன அமுக்குனா ரெண்டு செகண்டு நிக்கும்ல மேடம், அதுக்குள்ள ரப்பர நேரா வெச்சிடுவேன். இன்னிக்கி அது நிக்கவே இல்ல."

புரோகிராமைத் திறந்தேன். புது மாடலுக்காக முந்தின நாள் எழுதியது. பிரஸ் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்ற எண்ணை இன்ஜினியர் எழுதாமல் விட்டுவிட்டார். என் மொழியில், சொல்லாத எண் பூஜ்யம். அதனால் பிரஸ் காத்திருக்கவே இல்லை.

அந்த விதியை வைத்தவள் நான். எழுதுகிறவருக்குச் சுமை குறையும் என்று என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முழுக்க அதைக் கொண்டாடியிருந்தேன். எழுத மறப்பது யாருக்கும் நடக்கும். எண் எங்கே என்று கேட்டிருக்க வேண்டியது மொழி.

"மொழியோட தப்புனு எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போடறேன்."

"அப்புறம் ஹெட் ஆபீஸ்ல உங்க லாங்குவேஜையே தூக்கிடுவாங்க மேடம்."

தெரியும். நாற்பது வருஷ ஆராய்ச்சியில் காகிதத்தை விட்டு வெளியே வந்தது அது ஒன்றுதான். பெற்ற பிள்ளை மாதிரி அதன்மேல் எனக்குப் பிரியம். கையெழுத்துப் போடும்போது அழுகை வந்தது, மறைக்கவில்லை. ஜெசிந்தா கட்டுப் போடாத கையால் என் முதுகைத் தடவினாள். அடிபட்டது அவளுக்கு, ஆறுதல் எனக்கு.

4. திரும்பவும் அதே பிரஸ்

சொன்னபடியே எல்லா லைனிலிருந்தும் என் மொழியைத் தூக்கினார்கள். ஜெசிந்தாவின் வேலை மட்டும் தங்கியது. நான் வீட்டில் உட்கார்ந்து அந்த விதியைப் பிடுங்கி எறிந்தேன். அதை நம்பி நின்ற பாதி மொழியும் சரிந்தது, மறுபடி கட்டினேன். சில மாதங்கள் கழித்து, ஒரே ஒரு பிரஸ்ஸில் சோதித்துப் பார்க்க அனுமதி கிடைத்தது. எந்த பிரஸ் என்று கேட்டார்கள். அவளுடையது என்றேன்.

இளம் ஆய்வாளர்கள் என்னிடம் நல்ல மொழிக்கு இலக்கணம் கேட்பார்கள். எழுதுகிறவருக்கு எது சுலபம் என்று மட்டும் பார்க்காதீர்கள், மெஷினில் கை வைக்கிறவரையும் பாருங்கள் என்பேன். எனக்கு அது நாற்பது வருஷம் தாமதமாகத்தான் புரிந்தது.

சோதனை நாளில் காத்திருக்கும் நேரத்தை வேண்டுமென்றே எழுதாமல் விட்டேன். ஜெசிந்தா பட்டனை அமுக்கினாள். பிரஸ் அசையவில்லை. திரையில் இரண்டு வரி வந்தது: "எவ்ளோ நேரம் நிக்கணும்னு சொல்லல. சொல்லாம ஓட மாட்டேன்."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். "இன்னா மேடம், என்னாட்டமே பேசுது" என்று சிரித்தாள்.

இரண்டு என்று தட்டினாள். பாதி நகம் வளர்ந்திருந்த அதே விரலால் ரப்பரை நேராக வைத்தாள். பிரஸ் காத்திருந்தது.