முசே அருளப்பன் சொல்லி நாங்கள் எடுத்த சபதம்

செய்தி வந்தபோது நான் கன்னியம்மாவின் கடையில் ஆப்பம் தின்றுகொண்டிருந்தேன். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் சந்தின் முனையில், புங்கமரத்தடியில் அடுப்பு வைத்து ஆப்பம் சுடுகிறவள் அவள். புதுச்சேரியை விட்டு வந்த எங்களில் பாதிப் பேருக்குக் காலை ஆகாரம் அங்கேதான். டிராமிலிருந்து இறங்கி வந்த எங்கள் கூட்டத்துத் தனகோடி எனக்கு எதிரே நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். "முசே காலமாயிட்டாராம் அண்ணே. மாரடைப்பாம். நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்களாம்" என்றான். நான் இலையில் இருந்ததைத் தின்று முடித்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இனி யாரிடம் போய்ச் சண்டை போடுவது என்ற கோபம்.

சவப்பெட்டியின் மேல் மூவர்ணக் கொடி போர்த்தினார்களாம். நம்முடைய மூவர்ணம் அல்ல, பிரெஞ்சுக்காரர்களுடையது. கவர்னர் மாளிகையிலிருந்து மலர்வளையம் வந்ததாம். தனகோடி இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அருளப்பனைப் பற்றி எழுது என்று, என்னோடு ஊரை விட்டு வந்த உங்களில் சிலர் கேட்டீர்கள். அந்த மனிதனைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் உன் முகத்தில் விழிக்கமாட்டோம் என்று சிலர் சொன்னீர்கள். இரண்டு கட்சிக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டு கட்சிக்கும் இது பிடிக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

அவர் புதுச்சேரி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். நான் நூலாலையில் கணக்கு எழுதியவன். முத்தியால்பேட்டையில் ஒரே தெரு. அவர் கிறிஸ்தவர், நான் முருகன் கோயில் காவடிக்காரன். ஆனால் பிரெஞ்சு ஆட்சி போய் ஊர் இந்தியாவோடு சேரவேண்டும் என்ற கூட்டங்களில் இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவோம். ஒரு நாள் மாலை எங்கள் இரண்டு வீடுகளின் ஓடுகளும் கல்லெறிபட்டு உடைந்தன. எறிந்த ரவுடிகளை விட்டுவிட்டுப் போலீசார் எங்களைத் தேடத் தொடங்கினார்கள். எல்லையைத் தாண்டிச் சென்னைக்கு வந்தோம். நான் ஒரு பையோடு வந்தேன். அவர் மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டோடு வந்தார். ஓடி வருகிறவனுக்குக் கோட்டு எதற்கு என்று கேட்டேன். "கோட்டு இருந்தா எந்த ஊரிலேயும் உட்காரச் சொல்லுவாங்க வைத்தி" என்றார்.

உண்மைதான், உட்காரச் சொன்னார்கள். மயிலாப்பூர் வக்கீல்களின் வீடுகளுக்கும் தியாகராய நகர்ப் பிரமுகர்களின் வீடுகளுக்கும் அந்தக் கோட்டோடு ஏறி இறங்கி, எங்கள் ஊர் விவகாரத்தை எடுத்துச் சொன்னார். சென்னை மதுவிலக்குக்கு வந்த காலம் அது. புதுச்சேரி என்றாலே இங்குள்ளவர்களுக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். ஒரு பெரிய மனிதர், பக்கத்தில் மனைவி இல்லாத சமயம் பார்த்து, நல்லதாக ஒரு பாட்டில் தருவிக்க முடியுமா என்று மெல்லக் கேட்டார். "பாட்டில் வராது ஐயா. நாங்கதான் வந்திருக்கோம்" என்று சிரிக்காமல் சொன்னார் முசே. வெளியே வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எங்கள் ஊரில் மரியாதைக்குரியவர்களை 'முசே' என்று அழைப்பது வழக்கம். சந்தில் உள்ளவர்கள் அதுவே அவர் பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள். கன்னியம்மா 'முசே நைனா' என்பாள்.

பகலில் அடையாற்றுப் பாலத்தைக் கடந்து நடந்து போய், ஒரு பங்களாவில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பார். வந்த சம்பளத்தை அப்படியே எங்கள் பொதுச் சமையலுக்குக் கொடுத்துவிடுவார். நாங்கள் ஒன்றாகக் குடியிருந்து பிரெஞ்சுக்காரனைத் திட்டிக்கொண்டிருந்த மயிலாப்பூர் வீட்டில், ஜூலை பதினான்காம் தேதி, அவர்களுடைய தேசியத் திருநாளன்று, அவர் முகம் மழித்துக்கொண்டே ஒரு பிரெஞ்சுப் பாட்டை முணுமுணுத்தார். தனகோடிக்குப் பொறுக்கவில்லை, சண்டைக்கு வந்துவிட்டான். முசே கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பிரான்சு வேறே, பிரெஞ்சு சர்க்கார் வேறே தம்பி. ஒண்ணு எனக்குப் படிப்புச் சொல்லிக் குடுத்துச்சு. இன்னொண்ணு என் வீட்டு மேலே கல்லெறிஞ்சுச்சு." அந்தப் பேச்சில் நான் சொக்கிப் போனேன். இப்போது யோசித்தால், அன்றைக்கே தனகோடி பக்கம் நின்றிருக்கலாமோ என்று படுகிறது.

இந்தியா விடுதலை அடைந்த அன்று மாலை எங்களைச் சாந்தோம் கடற்கரைக்கு அழைத்துப் போனார். ஊரெல்லாம் கொடியும் வாத்தியமுமாக இருந்தது. எங்களுக்கு மட்டும் பந்தியில் இலை போட்டுப் பரிமாறாமல் விட்டது போல் இருந்தது. அவர் முழங்கால் நனைய இறங்கி, கையில் கடல் தண்ணீரை எடுத்துக்கொண்டார். இதே தண்ணீர்தான் நம் ஊர்க் கரையிலும் அடிக்கிறது, இதன் மேல் ஆணையாக அங்கே பிரெஞ்சுக் கொடி இறங்கும் வரை நாம் யாரும் அந்த மண்ணை மிதிக்கக்கூடாது என்றார். கல்யாணத்துக்கும் கூடாது, சாவுக்கும் கூடாது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதற்கு முன் வீட்டைப் பார்த்து வருகிறேன் என்று ஒளிந்து போன சிலர், மிரட்டலுக்கோ ஆசைக்கோ மசிந்து அங்கேயே தங்கிவிட்டிருந்தார்கள். நான்தான் தயங்கினேன். என் அம்மா படுக்கையில் இருந்தாள். "ஒருத்தர் போனா எல்லாரும் போனதா ஆயிடும் வைத்தி" என்றார். நானும் தண்ணீரைக் கையில் எடுத்தேன்.

தந்தி வந்தது சில மாதங்கள் கழித்து. அம்மா போய்விட்டாள். நான் மூத்த மகன், கொள்ளி வைக்க வேண்டியவன். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். முசே அங்கே நின்றிருந்தார். வழியை மறிக்கவில்லை, விலகித்தான் நின்றார். "போறதுன்னா போ. நான் தடுக்கமாட்டேன். ஆனா திரும்பி வந்து எங்க முகத்தைப் பாக்கணும்" என்றார். பையைக் கீழே வைத்துவிட்டேன். தம்பி கொள்ளி வைத்தான். எனக்கு அதே சாந்தோம் கரையில் நாவிதர் தலை மழித்தார். முசே வெயிலில் என்னோடு உட்கார்ந்திருந்து, என் தலையில் தண்ணீர் ஊற்றினார். எங்களில் யாரும் உன் அளவுக்குக் கொடுக்கவில்லை என்று சொல்லி அழுதார். அந்த அழுகை பொய் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடிந்தால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

பிறகு நகரசபைத் தேர்தல் அறிவித்தார்கள். இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று ஊர் மக்களை எப்போது, எப்படிக் கேட்பது என்பதை அந்த நகரசபைகள்தான் முடிவு செய்யும் என்பது ஏற்பாடு. ஆகவே அது வெறும் குப்பைக்கும் குழாய்க்கும் நடக்கும் தேர்தல் அல்ல. எங்கள் பெயர்கள் இன்னும் அங்கே வாக்காளர் பட்டியலில்தான் இருந்தன. எல்லோருமாகச் சேர்ந்து போவோம், வோட்டுப் போடுவோம், அத்தனை பேரையுமா பிடித்து உள்ளே வைப்பார்கள் என்று தனகோடி துடித்தான். முசே ஒப்பவில்லை. வோட்டுப் போடுவதென்றால் அந்தக் கொடிக்குக் கீழே வரிசையில் நிற்கவேண்டும், நின்றால் அதை ஏற்றுக்கொண்டதாக ஆகும் என்றார். பிறகு என்னைக் காட்டி, பெற்ற தாய்க்கே போகாதவன் இங்கே இருக்கிறான், ஒரு வோட்டுக்காகவா போவீர்கள் என்று கேட்டார். என் அம்மாவின் சாவை வைத்து அவர் அந்த வாதத்தில் ஜெயித்தார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் ஆணியில் கோட்டைக் காணவில்லை. பிரெஞ்சு சர்க்காரின் ரவுடிகள் அவரைக் கடத்திவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தோம். எழும்பூர் ரயிலடியிலும் ஆஸ்பத்திரியிலும் தேடினோம். அடையாற்றுப் பங்களாவில் போய் விசாரித்தோம். அந்த வாரக் கடைசியில் புதுச்சேரிப் பத்திரிகை வந்தது. பிரெஞ்சு ஆட்சி நீடிக்கவேண்டும் என்ற கட்சியின் வேட்பாளராக அருளப்பன் நிற்கிறார். நிற்பது எங்கள் முத்தியால்பேட்டையில், எங்கள் தெருவில். எங்களில் அநேகருக்கு வோட்டு இருந்த இடம் அதுதான். நாங்கள் அவருக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு மயிலாப்பூரில் உட்கார்ந்திருந்தோம். அவர் ஜெயித்தார்.

அன்று கடையில் கன்னியம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னவன் நான். கட்சி, கொடி எதுவும் அவளுக்குப் புரியவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போறதுன்னா சொல்லிக்கினு போவக்கூடாதா நைனா? வயிக்கு ரெண்டு ஆப்பம் கட்டிக் குடுத்துருப்பேனே" என்றாள். நாங்கள் பேசிய அத்தனை அரசியலிலும் இல்லாத ஒன்றை அவள் சொல்லிவிட்டாள் என்று எனக்குத் தோன்றியது. அவர் எங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அவரை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். தியாகராய நகரில் நெஞ்சு வைத்தியர் ஒருவரைப் பார்க்க வந்திருந்தார். பனகல் பூங்கா வாசலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அதே கோட்டு எதிரே வந்தது, உள்ளே ஆள் மட்டும் இளைத்திருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் திருப்பிக்கொள்ளவில்லை. பக்கத்தில் வந்து, ஊரில் என் தம்பி சௌக்கியம் என்றார், எங்கள் வீட்டில் உடைந்த ஓடுகளை மாற்றச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பிறகு கேட்காமலே காரணம் சொன்னார். மகள் ரோசாலிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்றாம். தலைவர் என்று பெயர் வாங்கியவர் எல்லை தாண்டினால் சிறைக்குத்தான் போகவேண்டும், அவர்கள் பக்கம் நின்றால் மாதா கோயில் வரை பெண்ணின் கையைப் பிடித்து நடக்கலாம். நடந்தாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை என்னால் பார்க்கச் சகிக்கவில்லை.

எங்களைக் கேட்டிருந்தால் நாங்களே சபதத்திலிருந்து விடுவித்து, மாலை வாங்கிக் கொடுத்து ரயில் ஏற்றியிருப்போமே என்று சொன்னேன். கல்யாணத்துக்குப் போனதைக்கூடப் பொறுப்பேன், எங்கள் தெருவில் எங்களுக்கு எதிராக ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. நீதிமன்றத்தில் பிறத்தியான் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பது போலச் சொன்னார்: "எந்தத் தெருவிலே நிக்கறேன்னு என்னைத்தான் கேட்டாங்க. நம்ம தெருவிலே நின்னா தோக்க மாட்டேன்னு தெரியும். நீங்க யாரும் வரமாட்டீங்க. மத்தவங்களைப் பத்தியாவது எனக்குச் சந்தேகம் இருந்துச்சு வைத்தி. உன்னைப் பத்தி இல்லே. நீ சொன்ன சொல்லைக் காப்பாத்தறவன்."

பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன். மாம்பலத்துக்குப் போகிற பஸ் அது, எனக்குப் போகவேண்டிய பக்கமே இல்லை.

கடலில் இறங்கி நின்ற அன்றே அவர் இதைத் திட்டமிட்டிருந்தார் என்று தனகோடி சொல்கிறான். நான் ஒப்பவில்லை. அன்று அவர் மெய்யாகவே ஆணையிட்டார். தாங்க முடியாமல் போனபோது, எங்கள் சொல் நாங்கள் நினைத்ததைவிட உறுதியானது என்பதைக் கவனித்து, அதன் மேல் ஏறி மிதித்து வீட்டுக்குப் போனார். திட்டமிட்டு ஏமாற்றியிருந்தால் அவரை வெறுத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். இது அப்படி முடிகிற விஷயமாக இல்லை. என் தலையில் தண்ணீர் ஊற்றிய கையும் அந்தக் கட்சியின் சுவரொட்டியில் கும்பிட்ட கையும் ஒன்றுதான்.

இறந்தவரைப் பற்றி நல்லதைச் சொல்லவேண்டும் என்பார்கள். சொல்லியிருக்கிறேன். சம்பளத்தைப் பொதுவில் போட்டார், எங்களைச் சிரிக்க வைத்தார், பெரிய மனிதர்கள் முன் எங்களுக்காகக் கூசாமல் நின்றார். இவை எல்லாம் உங்களுக்கும் தெரிந்தவை, நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கென்று நான் வைத்துக்கொள்வது வேறு. அவர் போனதால் முத்தியால்பேட்டையில் அவருடைய இடம் காலியாகியிருக்கிறது. அடுத்து அதற்குத் தேர்தல் வைப்பார்கள். என் பெயர் அங்கே இன்னும் இருக்கிறது. நான் போகப்போகிறேன். சொல்லிக்கொள்ளாமல் போகமாட்டேன், இதோ உங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொள்கிறேன். வர விரும்புகிறவர்கள் வரலாம். தனகோடி வருகிறான். வழிக்கு ஆப்பம் கட்டிக் கொடுப்பதாகக் கன்னியம்மா சொல்லியிருக்கிறாள். அந்தக் கொடிக்குக் கீழே வரிசையில் நிற்பேன், வோட்டைப் போடுவேன், பிடிப்பதானால் அதற்குப் பிறகு பிடித்துக்கொள்ளட்டும். விட்டால் அம்மாவை எரித்த இடத்தைப் போய்ப் பார்ப்பேன்.

முசே அருளப்பன் என்னை நம்பினார். என் சொல்லை அவ்வளவு நம்பியவர் என் வாழ்நாளில் வேறு யாருமில்லை. அந்த நம்பிக்கைக்கு நான் துரோகம் செய்யப்போகிறேன்.