நான் போகாத கடற்கரை ஊர்

இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊர் எனக்கு மனப்பாடம். அங்கே நான் போனதில்லை. கடலைப் பார்த்து ஒன்றுபோல நிற்கும் வெள்ளை வீடுகள், பூச்செடிகளுக்கு நடுவே பேண்டு வாசிக்க ஒரு மண்டபம், கடலுக்குள் நீண்டு போகும் மரப்பாலம், சாயங்காலம் பீங்கான் கோப்பையில் டீ. அந்த ஊரில் யாரும் கூவி விற்க மாட்டார்கள். நாய்கூடக் குரைக்காமல் நடக்கும் என்று தோன்றும்.

அந்த ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் விசாரிக்கும் போன், ஆம்பூரில் ஒரு ஷூ கடையின் மாடியில் அடிக்கும். எடுப்பது நான். அப்பா தோல் தொழிற்சாலையில் வேலை செய்பவர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான்தான். அதனால் அந்த ஊரின் தெருக்களைப் பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்தேன். ஆபீசில் ஒரே கண்டிப்பு: இந்தியாவிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லக் கூடாது. கடற்கரையில் ஒரு கேமரா உண்டு. அரை நிமிடத்துக்கு ஒரு படம் வரும். அதைப் பார்த்து, ஜன்னல் வழியாகப் பார்ப்பதுபோல, "இன்று நல்ல வெயில்" என்று சொல்ல வேண்டும்.

குளிர்காலத்தில் ஊர் காலியாகிவிடும். கடலைப் பார்த்த பெஞ்சுகள் மட்டும் இருக்கும். ஒவ்வொன்றிலும் செத்துப்போன ஒருவரின் பெயரைத் தகட்டில் பதித்திருப்பார்கள். நாளெல்லாம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால், யாரோ நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பதுபோல ஆகிவிடும்.

அந்த ஊர்க்கார மூதாட்டி ஒருவர் தினமும் எங்கள் டீ நேரத்தில் கூப்பிடுவார். அவரால் படி இறங்க முடியாது. கணவருக்கோ ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. "அவர் பெஞ்சில் இருக்கிறாரா, பாருங்கள்" என்பார். "இருக்கிறார் மேடம்" என்றால் போதும், நன்றி சொல்லி வைத்துவிடுவார்.

பக்கத்து சீட்டு அக்காவுக்கு இது பெரிய வேடிக்கை.

"இன்னாடா, உன் ஆளு இன்னும் போன் பண்லியா?"

"எண்பது வயசுக்கா அவங்களுக்கு."

"அதான் பாசம் ஜாஸ்தி."

ஒருநாள் அவர் கூப்பிட்டபோது பெஞ்சு காலி. தேடிப் பார்த்தேன். கடலே இல்லை. ஈர மணல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. அதில் வெகு தொலைவில் பெரியவர் தினமும் போடும் கறுப்புக் கோட்டில் ஓர் உருவம்.

"கவலைப்படாதீர்கள் மேடம். மணலில் நடந்து போகிறார்" என்றேன்.

நான் பாலாற்றங்கரையில் வளர்ந்தவன். எனக்கு மணல் என்றால் தரை. அதில் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம், பைக்கில் இக்கரையிலிருந்து அக்கரை போயிருக்கிறோம். அங்கே கடல் தினமும் உள்வாங்கும், போன தண்ணீர் அன்றைக்கே திரும்பி வரும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

"எவ்வளவு தூரம்?" குரல் மாறியிருந்தது.

"மரப்பாலத்தின் முனையையும் தாண்டிவிட்டார்."

"அவருக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் இருக்கிறதா?"

இருந்தது. மெல்லிய வெள்ளிக் கம்பிபோல. அடுத்த படத்தில் அது தடித்திருந்தது.

"ஓடிப் போய்க் கூப்பிடுங்கள். உங்கள் வாசலுக்கு எதிரில்தானே! எதற்காக நிற்கிறீர்கள்?"

அக்கா கையை வெட்டிக் காட்டினார், கட் பண்ணு என்று.

"மேடம், நான் அங்கே இல்லை. இந்தியாவில் இருக்கிறேன். உடனே கடலோர மீட்புப் படையைக் கூப்பிடுங்கள்."

"அப்படியானால் இத்தனை நாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்?" என்றார். லைன் போய்விட்டது.

அடுத்த படத்தில் அந்த வெள்ளிக் கம்பி ஒரு கால்வாயாகியிருந்தது. பெரியவர் இன்னும் கடலை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தார். என்னையறியாமல் எழுந்து திரையைப் பார்த்துக் கத்தினேன்.

"தாத்தா! திரும்புங்க! இப்படி வாங்க தாத்தா!"

"டேய், கேமராவுக்கு இன்னா காதா இருக்குது? மேனேஜர் வந்துருவாரு, உக்காரு."

படம் மாறியது. பெரியவர் நின்றிருந்தார்.

மறுபடி மாறியது. திரும்பியிருந்தார். அத்தனை தூரத்தில் முகம் ஒரு வெளிறிய புள்ளிதான். ஆனால் அது எங்களை நோக்கி இருந்தது. அடுத்தடுத்த படங்களில் அந்தப் புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. முழங்கால் வரை தண்ணீர், பிறகு இடுப்பு வரை. அக்கா கிண்டலை விட்டு என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் ஆரஞ்சு நிறச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர் அவரை ஆளுக்கொரு கையாகப் பிடித்துக் கரையேற்றினார்கள். போர்வை போர்த்தினார்கள். ஒருவர் குனிந்து அவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவர் அவரைப் பார்க்கவில்லை. குனிந்தவரின் தலைக்கு மேலாக நேரே கேமராவைப் பார்த்து, கூப்பிட்ட ஆள் எங்கே என்று தேடுகிறவரைப்போல வலது கையைத் தூக்கியிருந்தார்.

அக்கா மெதுவாகக் கேட்டார்: "யாரைடா பாக்குறாரு?"