ஹொப்ஸ் காய்ந்த வெள்ளிக்கிழமை

மெல்பேர்ணுக்கு என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் தகடு வெல்டிங்கில் ஒட்டிய கைதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், எழுபதுகளின் நடுவில் நோபல் பார்க்கில் சொந்த வீடு வாங்கினேன். கேற், கராஜ், பின்வளவு வேலி எல்லாம் நானே வெல்ட் பண்ணியவை. ஒன்றாவது இன்றுவரை சரிந்திருந்தால் வந்து சொல்லுங்கள். பெருமை அடிக்கிறேன் என்று நினைப்பீர்கள். ஓம், பெருமைதான் அடிக்கிறேன்.

வீட்டில் பியர் காய்ச்சலாம் என்று இங்கே சட்டத்தை மாற்றி அப்போது அதிக காலம் ஆகவில்லை. நான் வேலை செய்த தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தப் பேச்சுத்தான். எல்லோரும் கடையில் மோல்ட் என்கிற பார்லிப் பாகு டின் வாங்கி, தண்ணீரில் கரைத்து, ஈஸ்டைத் தூவிவிட்டுத் தாங்கள் காய்ச்சியதாகச் சொல்லித் திரிந்தார்கள். அதற்குப் பெயர் காய்ச்சுவதா? மோல்ட்டைக் கடையில் வாங்கினாலும், பியருக்குக் கசப்பும் வாசமும் கொடுக்கிற ஹொப்ஸையாவது என் மண்ணில் வளர்ப்பேன் என்று அவர்கள் முன்னால் சொல்லிவிட்டேன். சிரித்தார்கள். சிரித்தால் எனக்கு இன்னும் நல்லது. வேலை வேகமாக நடக்கும்.

அடுத்த வளவில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த கிழவர் ஒருவர் இருந்தார். அவருடைய வேலியில் ஹொப்ஸ் கொடி காடாகப் படர்ந்து கிடந்தது. ஒரு கிழங்குத் துண்டை வெட்டி வேலிக்கு மேலால் தந்தார். நான் பழைய தண்ணீர்க் குழாய்களை ஒட்டி, வீட்டுக் கூரையைவிட உயரமாக ஒரு பந்தல் அடித்தேன். கயிறு கட்டிவிட்டதும் கொடி அதில் சுற்றிச் சுற்றி ஏறியது. காலையில் பார்த்த இடத்தில் மாலையில் நுனி இருக்காது, மேலே போயிருக்கும். முதல் கோடையிலேயே பூத்தது. பச்சைக் கடதாசியில் செய்த சின்னக் கூம்புகள் மாதிரி இருக்கும் அந்தப் பூ.

அந்த முதல் அறுவடையில் நான் செய்ததை எங்கள் ஊர் ஆட்கள் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். மிளகாய், ஒடியல், வடகம், மோர்மிளகாய் என்று எதைக் காயப்போடுவதென்றாலும் எங்களுக்குத் தெரிந்த இடம் வெயில்தான். பூவைப் பாயில் பரப்பி, நல்ல உச்சி வெயிலில் கராஜ் தகரத்தின் மேல் போட்டேன். இரண்டு நாளில் தேயிலைச் சக்கை மாதிரிக் கறுத்துப்போய், கையில் எடுத்தால் ஒரு வாசமும் இல்லாமல் கிடந்தது. கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, பூவைக் கொன்றுவிட்டாய் என்றார். நிழலும் காற்றும்தான் வேண்டுமாம், வெயில் பட்டால் வாசம் செத்துவிடுமாம். இருக்கட்டும் என்று அதையே போட்டுக் காய்ச்சி, ஒரு போத்தலையும் வீணாக்காமல் நானே குடித்து முடித்தேன். நான் செய்ததை நான் குப்பையில் கொட்டுவதில்லை.

அடுத்த வருடம் கொடி இரண்டு மடங்கு பூத்தது. இந்தமுறை நிழலிலேயே காயவைப்பது என்று முடிவுசெய்தேன். கராஜில் வெல்டிங் புகையும் பெற்றோல் மணமும் இருந்தன, ஹொப்ஸ் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் ஜன்னல் வைத்துக் காற்று ஊடாக வருகிற அறை வீட்டில் ஒன்றே ஒன்றுதான். அது முன் ஹோல். எங்கள் சாமிப் படங்களும் அங்கேதான் இருந்தன.

இனி என் மனைவியின் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் மெல்பேர்ணில் எங்களுக்கென்று ஒரு கோயில் கிடையாது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் கூடித் தேவாரம் படிப்பார்கள். ஊரிலிருந்து வந்த பெரிய பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று இருந்தது. எந்த வீட்டுக்கு முறையோ அந்த வீட்டுக்கு அது முன்கூட்டியே போய்விடும். விளக்கு வந்தால் முறை வந்ததென்று அர்த்தம். என் மனைவி பகல் முழுக்கத் தையல் மெஷினோடு தனியாக இருந்தவள், வாய் திறந்து தமிழ் பேச அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை. எங்கள் முறை ஒரு வருடமாக வரவில்லை. அந்த மார்ச் மாதம் வந்தது. பலகாரம் என்ன, யாருக்கு எங்கே கதிரை போடுவது என்று அவள் குசினிக்குள் தனியாகவே கதைத்துக்கொண்டு திரிந்தாள்.

பூவும் அதே கிழமையில்தான் முற்றியது. பிடித்து அமுக்கினால் கடதாசி மாதிரிச் சரசரக்க வேண்டும், பிய்த்தால் உள்ளே மஞ்சள் தூள் விரலில் ஒட்ட வேண்டும். இரண்டும் சரியாக இருந்தன. இன்னும் ஒரு கிழமை விட்டால் பழுப்பாகிவிடும். நான் கொடியை வெட்டி விழுத்தி, வளவில் குந்தியிருந்து பூவை ஆய்ந்தேன். ஜன்னல்களில் ஈ, இலையான் வராமல் அடித்திருந்த கம்பி வலைகளை எல்லாம் கழற்றி, ஹோலில் ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்கல் வைத்து அடுக்கிப் பூவைப் பரப்பி, ஃபானைப் போட்டேன். பச்சைப் பூண்டும் தோடம்பழத் தோலும் கலந்த மாதிரி ஒரு மணம் வீடு முழுக்க ஏறியது. மனைவி மூக்கைச் சுளித்தாள். வெள்ளிக்கிழமைக்கு முதல் எடுத்துவிடுவீர்களா என்று கேட்டாள். காய்ந்தால் எடுப்பேன் என்றேன். அவள் திரும்பிக் குசினிக்குள் போனாள்.

புதன்கிழமை விளக்கோடு வந்தவர் என் மைத்துனர், அவளுடைய பெரியண்ணன். கணக்காளர், ஒரு சொட்டும் குடிக்காதவர், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத் தலைவர் மாதிரி. கதவுக்குள் ஒரு கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மச்சான், இதென்ன மணம்?"

ஹொப்ஸ் என்றேன். எதற்கு என்றார். பியருக்கு என்றேன். நான் ஏன் மறைக்க வேண்டும்?

"சாமிப் படத்துக்கு முன்னால சாராயத்தைக் காயப்போட்டு வைச்சிருக்கிறீர். நாளைக்கே இதைத் தூக்கி எறிஞ்சு, அந்தக் கொடியையும் வேரோட கிளப்பிப் போட்டால்தான் விளக்கு இந்த வீட்டுக்குள்ள வரும்."

இது பூ, இன்னும் சாராயம் ஆகவில்லை என்றேன். சாராயமான பிறகு கராஜில்தான் இருக்கும் என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் தங்கச்சியைப் பார்த்தார். என் சம்பளத்தில் வாங்கிய வீட்டில் எது காய வேண்டும் என்று இன்னொருவர் சொல்லக் கேட்கிற ஆள் நான் இல்லை. ஆனால் உண்மையைச் சொன்னால், அவள் வாயைத் திறந்து எடுங்கோ என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே எடுத்திருப்பேன். ஒரு வருடம் காத்திருந்தவள் அவள்.

அவள் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பெரியண்ணை, ஊரில எங்கட ஐயா புகையிலை காயப்போட்ட வீட்டிலதானே நாங்கள் தேவாரம் படிச்சு வளர்ந்தனாங்கள். சாமித் தட்டுக்கு மேலயே கோல் கட்டி அந்தப் புகையிலை தொங்கினது. வெள்ளிக்கிழமையும் தொங்கினது. அதை வித்துத்தான் நீங்கள் கொழும்பில படிச்சனீங்கள். அப்ப ஒரு நாளும் மணக்கேல்லையோ?"

மைத்துனர் அது வேறு இது வேறு என்றார். என்ன வேறு என்று அவள் கேட்டாள். அவர் விளக்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின்சீட்டில் படுக்கவைத்தார்.

"விளக்கில்லாமல் என்னத்தைச் செய்யப் போறியள்?" என்றார் கார்க் கதவைப் பிடித்தபடி.

"போட்டு வாங்கோ அண்ணை. வாறாக்கள் வரட்டும்" என்றாள்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்து கராஜுக்குள் போனேன். குழாய்த் துண்டு இருந்தது, தொழிற்சாலையில் கழித்துவிட்ட பித்தளைத் தகடு இருந்தது. அடி அகலமாக, தண்டு நேராக, மேலே ஐந்து முகம் வைத்து ஒரு விளக்கு ஒட்டி, அரம் போட்டுத் தேய்த்துப் புளியால் விளக்கினேன். அச்சில் வார்த்த விளக்கின் வடிவு அதற்கு இல்லைத்தான். ஆனால் எண்ணெய் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஒரு முகம் கொஞ்சம் சரிவு என்றாள். அது சரிவில்லை, அவள் பார்த்த பக்கம்தான் சரியில்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை மைத்துனர் வரவில்லை. அவருடைய சொல்லுக்குப் பயந்து இன்னும் பல பேர் வரவில்லை. ஆறு மணிக்குத் தெருவில் ஒரு காரும் இல்லாமல் இருந்தபோது, அவள் ஜன்னலுக்கு முன்னால் கதிரைகளைத் திரும்பத் திரும்ப நேராக்கிக்கொண்டு நின்றாள். நான் பூவைக் கிளறினேன். பிறகு டண்டினோங்கிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அடுத்ததாக, ஒரு கைக்குழந்தையோடு ஓர் இளம் தம்பதி. அதன் பின்னால் இன்னும் இரண்டு கார். யார் யார் வந்தார்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வராதவர்களும் ஞாபகம்தான்.

விளக்கை அவள் ஏற்றினாள். வழக்கமாக மைத்துனர் தொடங்கும் முதல் தேவாரத்தை அவளே தொடங்கினாள். இரண்டாவது வரியில் குரல் நிமிர்ந்தது. ஹொப்ஸ் மணத்துக்கு ஆளைத் தூக்கத்தில் தள்ளுகிற குணம் ஒன்று உண்டு, அன்றுதான் அதை நேரில் பார்த்தேன். போகிற வீடெல்லாம் வீறிட்டுக் கத்துகிற அந்தக் கைக்குழந்தை, தாளம் போட்டும் அசையாமல் தூங்கியது. டண்டினோங் ஐயா பதிகத்தின் நடுவில் இரண்டுதரம் கொட்டாவி விட்டு, நல்ல காற்று வருகுது தம்பி உன்ர வீட்டில என்றார். குழந்தையின் தாய் போகும்போது, அன்ரி அந்தப் பூவில கொஞ்சம் தாங்கோ, தலகாணிக்குள்ள வைக்க என்று கேட்டு ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை காலை ரெலிபோன் அடித்தது. நான் கராஜில் பியர் காய்ச்சும் செப்புக் கெட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன், உள்ளே வருவதற்குள் மனைவி எடுத்துவிட்டாள். அண்ணன்தான். எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

"இருக்க இடம் காணாமல் போச்சு அண்ணை" என்றாள்.

பொய் இல்லை. ஹோலில் பாதியை என் வலைகள் பிடித்திருந்தன. அவர் அந்தப் பக்கம் நிறைய நேரம் கதைத்தார். அவள் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சத்தம் உயர்த்தாமல் சொன்னாள்:

"அந்த விளக்கை நீங்களே வைச்சிருங்கோ. அடுத்த மாதமும் இஞ்சதான் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். நீங்களும் வாங்கோ."