லெட்டர் தாளும் ஏ-ஃபோர் தாளும்

கனடாவில் தாள்கூடக் குட்டை. வந்த புதிதில், நான் வேலைக்கு வந்த மருத்துவமனையின் அச்சு இயந்திரத்தின் அருகே நின்றிருந்த ஊழியர் டயான், "லெட்டர்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை, நான் யாருக்கும் எழுதவில்லை" என்றேன். அவர் சிரிக்காமல் ஒரு வெற்றுத் தாளை எடுத்து நீட்டினார். இங்கே எல்லோரும் பயன்படுத்தும் தாளின் பெயரே லெட்டர். நம் ஏ-ஃபோரைவிட உயரம் ஒரு விரற்கடை குறைவு.

அந்த விரற்கடைதான் என்னை இங்கே இழுத்து வந்தது. இந்த மருத்துவமனையில் நோயாளிகளின் மருந்துப் பட்டியலை அச்சிடும் கணினி நிரலை, சென்னையில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்த நானும், நான் பாவா என்று கூப்பிடும் என் கணவரும் எழுதினோம். திருத்தணியில் காலை ரயில் ஏறினால் மணவூர் வருவதற்குள் அன்றைய சிக்கலில் பாதியைப் பேசித் தீர்த்திருப்போம். ஏ-ஃபோருக்காக எழுதிய பட்டியல் இங்கே லெட்டரில் அச்சானபோது, கடைசி வரிகள் அடுத்த பக்கத்தில் போய் விழுந்தன. அந்தப் பக்கத்தில் மருந்து இருந்தது. மேலே நோயாளியின் பெயர் இல்லை. ஒரு நர்ஸ் நிறுத்தி விசாரித்ததால் விபரீதம் நடக்கவில்லை.

சரிசெய்ய எங்கள் இருவரையும் அழைத்தார்கள். நாங்கள் நைனா என்று கூப்பிடும் என் மாமனார் படுத்த படுக்கையாக இருந்தார். "ராத்திரில நைனா என்னத் தவிர யாரையும் கிட்ட சேக்க மாட்டாரு. நீ போய்ட்டு வா" என்றார் பாவா.

இங்கே வந்து பக்கத்துக்கான வரி எண்ணிக்கையைக் குறைத்தும் சில பக்கங்களில் நோயாளியின் பெயர் விடுபட்டது. பாவாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"எடம் இருக்குதான்னு எப்ப பாக்குற?"

"மருந்த அச்சடிச்ச பின்னாடி."

"முன்னாடியே பாரு. எடம் இல்லன்னா புதுப் பக்கம், மொதல்ல பேரு, அப்பறம் மருந்து."

"ஆங்... ரெண்டு வரி போற மருந்துக்கு?"

"ரெண்டு வரிக்கும் எடம் கேளு."

பழைய ரயில் பேச்சு திரும்பியிருந்தது. வேலை முடியும்வரை தினமும் பேசினோம். அந்த நாட்களில் அவர் ஒருமுறைகூட 'எப்ப வர்ற?' என்று கேட்கவில்லை. பட்டியல் சரியானதும் இங்கேயே நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள். பாவாவிடம் சொன்னேன். "நல்லதுதான். ஒத்துக்கோ" என்றார். வேண்டாம் என்று அவர் சொல்வார் எனக் காத்திருந்தேன். வேண்டாம் என்று நான் சொல்வேன் என்று அவரும் காத்திருந்தாரோ என்னவோ. வேலையை ஒத்துக்கொண்டேன்.

இப்போதும் பேசுகிறோம். "சாப்ட்டியா?" "ஆங். நைனா?" "அப்டியேதான் இருக்குறாரு." அத்தோடு வைத்துவிடுகிறோம்.

நேற்று மாலை வேலை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி அழைத்தேன். அங்கே விடிந்திருந்தது, அவர் திருத்தணி நிலையத்தில் நின்றிருந்தார். பின்னால் ரயில் அறிவிப்பு கேட்டது. "வண்டி வந்துகினு இருக்குது, வெச்சிடறேன்" என்றார். நானும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓர் அடி முன்னே வைத்தேன். எதிரே பனி மூடிய சாலை காலியாகக் கிடந்தது.