எங்கள் சமையலறைக்கு வெளியே நட்ட கல்

எங்கள் ஊர் ஏரியில் போட் விட்டு, கரையில் பார்க் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியபோது எல்லாரையும் போல நானும் சந்தோஷப்பட்டேன். உத்திரமேரூர் கல்வெட்டைப் பார்க்க வருகிற கார்களெல்லாம் அப்படியே இந்தப் பக்கமும் திரும்பும், வாசலில் பஜ்ஜி போட்டு விற்றால்கூடப் பிழைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். ஒரு ஜீப் வந்து, எங்கள் சமையலறைச் சுவரை ஒட்டி ஒரு அளவுக்கல்லை நட்டுவிட்டுப் போகிற வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம்.

ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் தெருவில் யாருக்கும் பட்டா கிடையாது. கல்லுக்கு அந்தப் பக்கம் பார்க்கா, இந்தப் பக்கம் பார்க்கா, எங்கள் வீடு நிற்குமா போகுமா, ஒருத்தரும் சொல்லவில்லை. போய்க் கேட்டுவிட்டு வாருங்கள் என்று என் வீட்டுக்காரரைப் பிடுங்கியெடுத்தேன்.

"நீ சும்மா கெடமே. போயி கேட்டா, ஓ, அங்க ஒரு வூடு கீதான்னு அவனுக்கு ஞாபகம் வந்துரும்" என்றார். கொத்து வேலை செய்கிறவர். ஊரெல்லாம் வீடு கட்டுவார், தன் வீட்டைப் பற்றிக் கேட்க மட்டும் வாய் வராது.

அவரைச் சொல்லி என்ன, எனக்கும் பயம்தான். வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். கூரை ஷீட் ஒழுகியது. இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கென்று மாற்றவில்லை. பாத்திரங்களை ஒருநாள் மூட்டை கட்டிவைத்தேன். அப்புறம் அந்த மூட்டையைப் பார்க்கவே பயமாக இருந்ததால் அவிழ்த்து மறுபடி அடுக்கினேன். மாதா படத்துக்கு முன்னால் செபமாலை சொல்ல உட்கார்ந்தால், பாதியில் கல் ஞாபகம் வந்து எந்த மணியில் நின்றேன் என்பதே மறந்துபோகும்.

எதிர்வீட்டு அக்காவுக்கும் இதே பயம்தான். ஆனால் அவள் என்னைப் போல உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை. ஆடி வெள்ளிக்கிழமை காலையில் கதவைத் திறந்தால், கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டி, வேப்பிலை செருகி, சூடம் கொளுத்திக்கொண்டு நிற்கிறாள்.

"இன்னாக்கா இது?"

"அம்மன்டி. ரோடு அகலப்படுத்தினப்போ அத்தினி வூட்டு வாசலயும் இடிச்சானுங்களே, கோயில தொட்டானுங்களா? வளைச்சிக்கினு தான போனானுங்க. இனிமே எவன் இங்க கைய வெக்கிறான்னு பாக்கலாம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, போன உயிரும் வந்தது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவள்தான் நான். ஆனால் அந்த வீட்டை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது? மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கல்லைச் சுற்றிப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அடுத்த தெருக்காரர்கள் வந்து கூழ் ஊற்றினார்கள். யாரோ பளபளவென்று ஒரு அம்மன் முகம் வாங்கிவந்து பதித்தார்கள். அக்காவின் பேத்திக்கு விடாமல் அடித்த ஜுரம், அங்கே வேண்டிக்கொண்டதும் இறங்கியது. அந்தக் கொஞ்ச நாள் நான் நன்றாகத் தூங்கினேன்.

அப்புறம் ஜீப் வந்தது. கல் நட்ட ஆபீசர் மாற்றலாகிப் போய், வந்தவர் புதியவர். நல்ல மரியாதையான மனுஷன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார், குங்குமம் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு கையிலிருந்த பிளானை விரித்துப் பார்த்தார்.

"இங்க ஒரு சர்வே கல்லு இருக்கணுமே? யாராவது பிடுங்கிட்டீங்களா? கேஸாயிடும், தெரியுமில்ல?"

கேட்கிற கல் அவர் முன்னாலேயே பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிறது! என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

"தெரியாதுங்க சார்" என்றாள் அக்கா.

"சரி, விடுங்க. இந்தக் கோயில் எத்தன வருஷமா இருக்கு?"

"எங்க பாட்டன் பூட்டன் காலத்துலேர்ந்து கீதுங்க சார். ரொம்ப பவரு."

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. படகுத்துறையை எந்தக் கரையில் கட்டுவதென்று அன்றுவரைக்கும் முடிவே ஆகவில்லையாம். சும்மா அங்கங்கே கல் நட்டு வைத்திருந்தார்களாம். பணம் ஒதுக்குவார்களா, கோடையில் தண்ணீர் நிற்குமா, ஜனம் வருமா, அவர்களுக்கும் ஒன்றும் தெரியாதாம். அடப்பாவிகளா, இதற்கா நான் இத்தனை நாள் செத்துப் பிழைத்தேன்!

"ஏதாவது ஒண்ண நம்பி ஆரம்பிக்கணும் இல்லீங்களா? டவுன்ல கல்வெட்டு, இங்க பழைய அம்மன், பின்னால ஏரி. ஜனம் கண்டிப்பா வரும். இந்தக் கரைதான்" என்றார். அக்காவிடம், "அம்மனுக்கு ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க. சுத்தி நல்லா அகலமா வழி விட்டுத் தர்றோம்" என்றார்.

சொல்லிவிட்டு, வழி விட இடம் இருக்கிறதா என்று திரும்பினார். என் வீட்டைப் பார்த்தார்.

ஜீப் போனதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "வாக்கா, போயி உண்மைய சொல்லிடலாம். சுத்தி வழின்னா உன் வூடுந்தான போவும்?"

"இன்னான்னு சொல்றது? நாங்கதான் கல்ல சாமியாக்கினோம்னா? புடிச்சி உள்ள போட்டுருவான்டி." அம்மன் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அதுவுமில்லாம, கொயந்தைக்கு ஜுரம் வுட்டுச்சே. அவள போயி எப்டிடி நான் கல்லுன்னு சொல்லுவேன்?" என்றாள். அவள் நடிக்கவில்லை. நிஜமாகவே அம்மனுக்குப் பயந்தாள்.

சரி, நானாவது போய்ச் சொல்லலாம் என்றால், கிறிஸ்தவக்காரி வந்து அம்மனை வெறும் கல் என்கிறாள் என்று ஆகிவிடும். கூழ் ஊற்றியவர்கள் சும்மா விடுவார்களா? வீடு போகிற பயத்தோடு இந்தப் பயமும் சேர்ந்து, சோறு இறங்கவில்லை.

போன வாரம் அளக்க வந்தார்கள். அம்மனிலிருந்துதான் அளவு ஆரம்பம். குளிக்காமல் சாமிகிட்டே போக டேப் பிடிக்கிறவனுக்குத் தயக்கம்; நுனியை அக்காவிடம் கொடுத்தான். அக்கா அதை அம்மன் காலடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் வாயைப் பொத்தி அழுதாள். அவன் டேப்பை ஜன்னல் கம்பிக்குள் விட்டுவிட்டு, வாசல் வழியாக என் சமையலறைக்குள் வந்தான். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது.

"எம்மா, அந்தப் பானைய கொஞ்சம் நவுத்தும்மா. டேப்பு நேரா போவணும்."

நான் கரித்துணியால் பிடித்துப் பானையை இறக்கி, வழி விட்டேன்.